48 மணி நேரமும் 2 ஆண்டுகளும்: தலைக்காயத்துக்குப் பிறகான மறுவாழ்வும் எல்லையோரக் குடும்பங்களும்

தமிழ்நாடு–கேரள எல்லையில் குமுளி மலைச்சாலையிலோ போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவிலோ ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் நாளிதழில் செய்தி வரும். எத்தனை பேர், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் இருக்கும். "படுகாயமடைந்தவர்கள் மேல் சிகிச்சைக்காக அனுப்பி வைக்கப்பட்டனர்" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். தலையில் அடிபட்டவரின் வீட்டில் அந்த வரிக்குப் பிறகுதான் எல்லாமே தொடங்குகிறது.

உயிர் பிழைத்துவிட்டார் என்கிறார்கள், ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. இலவச சிகிச்சை என்றார்கள், பிறகு ஏன் கடன்? இந்த மாநிலத்து அட்டை அந்த மாநிலத்தில் செல்லுமா? இப்படிக் குழம்பி நிற்கும் குடும்பங்களுக்காக அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. மூளை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தேறுகிறது. நம் உதவித் திட்டங்களோ மணிக் கணக்கிலும் நாள் கணக்கிலும் எழுதப்பட்டவை. இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில்தான் குடும்பங்கள் விழுகின்றன. நடுவே ஒரு மாநில எல்லையும் ஓடினால் பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் நாற்பது வயதுப் பெண். ஜீப் கேரள எல்லைக்குள் கவிழ்கிறது. தலையில் பலத்த அடி. இவரைக் கம்பத்துப் பெண் என்றே குறிப்பிடுவோம்.

அடி ஒன்று, காயம் இரண்டு

தலை மோதிய நொடியில் மூளைத் திசு நசுங்குகிறது, ரத்தக் குழாய் கிழிகிறது, நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இது முதல் காயம். இதை எந்த மருத்துவராலும் திரும்பப் பெற முடியாது.

அதன்பின் வரும் மணிகளில், நாட்களில் மூளை வீங்குகிறது. கசிந்த ரத்தம் கட்டியாகி அழுத்துகிறது. பிராணவாயு குறைகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. இது இரண்டாம் காயம். அவசர ஊர்தி, செயற்கை சுவாசம், அறுவை சிகிச்சை எல்லாம் இந்த இரண்டாம் காயத்தைத் தடுப்பதற்காகவே. விபத்துக்குப் பின் எழுந்து உட்கார்ந்து பேசியவர் சில மணி நேரத்தில் மயங்கிச் சரிவதும் இதனால்தான். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருந்திருக்கும். "நன்றாகப் பேசினாரே" என்று வீட்டுக்கு அழைத்துப்போவது ஆபத்து.

நேர்மாறான குழப்பமும் உண்டு. "ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் கண் திறக்கவில்லை." நரம்பிழைகள் பரவலாக அறுந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் அது சரியாகத் தெரியாமல் போகலாம். ரத்தக்கட்டி இல்லாததால் அறுவை சிகிச்சைக்கும் வேலை இருக்காது. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் பார்வை.

மருத்துவர் சொல்லும் அந்த எண்

"ஜி.சி.எஸ். 7" என்பது போன்ற சொல் காதில் விழும். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்பது இதன் பெயர். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இருவர் வகுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15. முதலில் கணிக்கும்போது 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது.

தேர்வு மதிப்பெண் போல இதைப் படிக்கக் கூடாது. இதில் பூஜ்யம் கிடையாது. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. தொண்டையில் குழாய் இருப்பவரின் பேச்சை அளக்கவும் முடியாது. ஒருநாள் எண்ணைவிட, அது நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும்.

விழிப்பு என்பது பல படிகள்

திரைப்படத்தில் கோமாவிலிருந்து ஒருவர் கண்ணைத் திறந்ததும் மனைவியின் பெயரைச் சொல்லி அழைப்பார். மருத்துவமனையில் நடப்பது வேறு. பலத்த காயத்திலிருந்து மீள்பவர் ஏறத்தாழ இந்தப் படிகளில் ஏறுகிறார். எல்லோரும் எல்லாப் படியையும் ஏறுவதில்லை, ஒரே வேகத்திலும் ஏறுவதில்லை.

1. கோமா. கண் மூடிய நிலை. இது பொதுவாகச் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் ஒன்று உயிர் பிரிகிறது, அல்லது அடுத்த நிலை வருகிறது.
2. கண் திறந்தும் உணர்வற்ற நிலை. தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். கொட்டாவி விடுவார். ஆனால் சொன்னதற்கு எதிர்வினை இருக்காது. குடும்பம் அதிகம் நம்பி, அதிகம் உடைவது இங்கேதான்.
3. சிறு உணர்வு நிலை. ஒரு முகத்தைக் கண் தொடரும். "கையை அழுத்து" என்றால் சில வேளை அழுத்துவார், சில வேளை மாட்டார். இந்தச் "சில வேளை" முக்கியமானது. வீட்டார் நாள், நேரம் குறித்து எழுதிவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.
4. குழப்பமும் கொந்தளிப்பும். குழாயைப் பிடுங்குவார், அடிப்பார், திட்டுவார், எழுந்து ஓடப் பார்ப்பார்.
5. தெளிவு. மெல்ல மெல்ல, விட்டு விட்டு.

நான்காவது படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கெட்ட வார்த்தை பேசியறியாத பெண் பெற்ற மகனையே வாய்க்கு வந்தபடி ஏசினால், காற்று கருப்பு என்று சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மந்திரிக்க அழைத்துப்போகிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் முன்னேற்றத்தின் ஒரு கட்டம். மூளை விழித்துவிட்டது, ஆனால் வந்து குவியும் சத்தத்தையும் வெளிச்சத்தையும் முகங்களையும் வடிகட்ட அதற்கு இன்னும் தெரியவில்லை. அப்போது தேவைப்படுவது அமைதியான அறை, பழகிய ஓரிரு முகங்கள், அணைத்து வைத்த தொலைக்காட்சி, "இன்று செவ்வாய்க்கிழமை, இது மருத்துவமனை, விபத்தில் அடிபட்டிருக்கிறாய்" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குரல். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வரும் உறவுக்கூட்டம் அன்பால்தான் வருகிறது. அந்தக் கட்டத்தில் அது நோயாளிக்குத் தண்டனை.

மண்டை எலும்பு எங்கே?

வீக்கத்துக்கு இடம் தருவதற்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றிவிடுவது உண்டு. எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைப்பார்கள், அல்லது கடுங்குளிர் பெட்டியில் பாதுகாப்பார்கள். வீக்கம் வடிந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் பொருத்துவார்கள். எலும்பு கெட்டிருந்தால் டைட்டானியம் போன்ற பொருளால் செய்த தகடு. அதுவரை தலையின் அந்தப் பக்கம் குழிந்து தெரியும். அந்த இடத்தில் தோல்தான் காவல் என்பதால் எழுந்து நடமாடும்போது தலைக்கவசம் வேண்டும்.

சாதாரணத் தகவல் போலத் தோன்றும். ஆனால் எலும்பு கோட்டயத்தில் குளிர்பெட்டியில் இருக்க, நோயாளி தேனி மாவட்டத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தால், அந்த இரண்டாவது அறுவை யார் பொறுப்பு?

மறுவாழ்வு சிகிச்சை செய்வது என்ன

அறுந்த நரம்பணு பெரும்பாலும் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் மிஞ்சிய அணுக்கள் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்கின்றன. அடைபட்ட சாலைக்குப் பக்கத்தில் ஆள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுவது போல. நடக்காவிட்டால் பாதை விழாது. பொருளுள்ள ஒரு செயலைப் பல நூறு முறை திரும்பச் செய்வதுதான் இதன் அடிப்படை.

இதில் பலருக்கு வேலை உண்டு. மறுவாழ்வு மருத்துவர் திட்டமிடுகிறார். பிசியோதெரபி நிபுணர் உட்கார, நிற்க, நடக்கப் பழக்குகிறார். செயல்வழிப் பயிற்சியாளர் அன்றாட வேலைகளை மீட்டுத் தருகிறார். பேச்சுப் பயிற்சியாளர் பேச்சோடு விழுங்குதலையும் பார்க்கிறார். உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் உடன் நிற்கிறார்கள். நம் பக்கத்தில் "பிசியோ வைத்திருக்கிறோம்" என்றால் எல்லாம் ஆயிற்று என்ற எண்ணம் இருக்கிறது. தினம் பத்து நிமிடம் ஒருவர் வந்து கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவது மூட்டு இறுகாமல் காக்கும். மூளைக்குப் பாடம் சொல்லித் தராது.

கம்பத்துப் பெண்ணுக்கு நல்ல இலக்கு எதுவாக இருக்கும்? தன் கையால் சோற்றைப் பிசைந்து கவளமாக வாய்க்குக் கொண்டுபோவது. ஒரு தட்டு ஏலக்காயைப் பெரிது, சிறிது, வெடித்தது என்று பிரிப்பது. இரண்டாவதில் விரல் நுட்பமும் கண்ணின் கவனமும் நினைவும் சேர்ந்து இயங்குகின்றன. இருபது ஆண்டுகள் அவர் கை அறிந்த வேலை அது. பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கச் சொல்வதைவிட மேல்.

தேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாக இரண்டு ஆண்டுகள் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நடக்கிறது. "ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி அவ்வளவுதான்" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

வீட்டில் நடக்கும் தவறுகள்

1. வாயில் ஊற்றுவது. மூக்குக் குழாய் எடுத்ததும் தெம்புக்காகப் பாலோ இளநீரோ காபியோ ஊற்றுவார்கள். விழுங்கும் ஒழுங்கு கெட்டவருக்குத் தண்ணீர் போன்ற நீர்ப்பொருளே மிக ஆபத்து. தொண்டையில் நிற்காமல் மூச்சுக்குழாய்க்குள் ஓடி நிமோனியா ஆகிவிடும். கூழ்ப் பதத்தில் கெட்டியானது பலருக்குப் பாதுகாப்பானது. இருமாமலேயே உள்ளே இறங்குவதும் உண்டு என்பதால் விழுங்கும் சோதனை முடியாமல் எதுவும் கூடாது.
2. ஒரே பக்கம் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். மூளை தேறிக்கொண்டிருக்கும்போது புண்ணால் கிருமி ஏறி உயிர் போனவர்கள் உண்டு.
3. வலிப்பு மாத்திரையை நிறுத்துவது. தலைக்காயத்துக்குப் பிறகு மாதங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். எல்லோருக்கும் நீண்ட நாள் மாத்திரை தேவையில்லை. தேவைப்படுபவர் திடீரென நிறுத்துவது தீங்கு. எண்ணெய்ச் சிகிச்சைக்கு மாறும்போது "இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது.
4. முரட்டு உருவல். இறுகிய முழங்கையையோ இடுப்பையோ வலிக்க வலிக்க நிமிர்த்தக் கூடாது. மூட்டைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடும் ஆபத்து தலைக்காயக்காரர்களுக்கு ஏற்கெனவே உண்டு. மென்மையாக எண்ணெய் தடவுவதில் பிழையில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஊனம்

நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். ஊர் "சரியாகிவிட்டார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மூளையின் முன்பகுதி மண்டையின் கரடுமுரடான உள்பரப்பில் உராய்வதால் மோதலில் எளிதில் அடிபடுகிறது. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விடுவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது எல்லாம் அந்தப் பகுதியைச் சார்ந்தவை. அது பழுதானால் அடுப்பில் பால் வைத்ததை மறப்பார். சம்பளப் பணத்தைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார். காலையில் எழுந்து பல் துலக்கச் சொல்லாவிட்டால் மாலை வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். இதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் சொல்வது எளிது. பாதிக்கப்பட்டவருக்கே தன் குறை தெரியாமல் இருப்பதும் இந்தக் காயத்தின் இயல்பு. "எனக்கு என்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் பொய் சொல்லவில்லை. குறையைக் கண்டறியும் கருவியே பழுதாகியிருக்கிறது.

இன்னொன்று களைப்பு. ஓய்வெடுத்தாலும் தீராத மூளைக் களைப்பு. ஒரு கல்யாண வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து நாள் முழுவதும் படுத்துக் கிடப்பவர் நடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இவற்றுக்கும் பயிற்சி உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் நாள்முறை, கைபேசியில் நினைவூட்டும் மணி, ஒரே இடத்தில் சாவி, ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல், கோபம் ஏறும் அறிகுறி தெரிந்தால் இடத்தை விட்டு விலகிவிடுதல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துக்குப் பதில் படம். மதுவை முற்றாக விட வேண்டும். காயம்பட்ட மூளையை அது வேகமாகத் தாக்கும், வலிப்பையும் தூண்டும்.

கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்துவிட்டதாக உணரும் துயரம் இந்த வீடுகளில் உண்டு. வெளியே சொன்னால் "உயிர் தப்பியதே பெரிது" என்பார்கள். பார்த்துக்கொள்பவரின் மனச்சோர்வும் சிகிச்சை தேவைப்படும் ஒன்று.

எந்த மொழியில் பேச்சு திரும்பும்?

எல்லையோரத்துக்கே உரிய சிக்கல் இது. வீட்டில் தமிழ், தோட்டத்தில் மலையாளம் என்று வாழ்ந்தவருக்குப் பேச்சு மையம் அடிபட்டால் இரண்டு மொழியும் ஒரே அளவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. சிலருக்குச் சேர்ந்தே வரும். சிலருக்கு ஒன்று முந்தும், அது தாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. மலையாளம் மட்டும் தெரிந்த பயிற்சியாளர் சோதித்து "பேச்சு இல்லை" என்று எழுதிய ஒருவர், அம்மாவின் தாலாட்டுக்கு வாயசைக்கக் கூடும். எனவே எந்தெந்த மொழி, எந்த வயதிலிருந்து, எதில் கணக்குப் போடுவார், எதில் திட்டுவார் என்பதை முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். சித்தூர், திருத்தணிப் பக்கத்துத் தெலுங்கு–தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதி.

பணம்: எல்லைக்கோடு எங்கே வெட்டுகிறது

1. விபத்து தமிழ்நாட்டுக்குள் நடந்தால். 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு இருந்தது. காயம்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்பது கேள்வியே இல்லை. விபத்து நடந்த இடம்தான் கணக்கு. எனவே தமிழ்நாட்டுப் பக்கத்து லோயர்கேம்ப் அருகே அடிபட்ட மலையாளிக்கு இது உண்டு. கம்பம்மெட்டைத் தாண்டி அடிபட்ட கம்பத்துப் பெண்ணுக்கு இல்லை.

2. மத்திய அரசின் திட்டம். 2025 மே 5 முதல் நடைமுறைக்கு வந்த பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. கம்பத்துப் பெண் கேட்க வேண்டியது இதை. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தவருக்கு இது பொருந்தாது.

3. காப்பீட்டு அட்டை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா. இரண்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இரண்டும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டவை. ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் உள்ள குடும்பம் வேறு மாநில மருத்துவமனையிலும் பயன்பெறலாம். மாநில அரசு தன் பங்குக்குச் சேர்த்த குடும்பமானால் அந்த வழி எளிதில் திறக்காது. அட்டை பார்க்க ஒன்று போலவே இருக்கும். பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டால்தான் தெரியும்.

4. வீட்டுக்கு வந்த பிறகு. மேலே சொன்ன மூன்றும் தீவிர சிகிச்சை, அறுவை, வார்டு நாட்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து உருவானவை. அடுத்த இருபத்து நான்கு மாதப் பயிற்சிக்கு அவற்றில் பெரிய இடமில்லை. அந்த வெற்றிடத்தை இரு மாநிலங்களும் வேறு வேறு விதமாக நிரப்பப் பார்க்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபியையும் வலி நிவாரணப் பராமரிப்பையும் கொண்டுவருகிறது. கேரளம் 2008இலேயே வலி நிவாரணப் பராமரிப்புக் கொள்கை வகுத்து அதை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டது. செவிலியர் வீடு தேடி வருவது அங்கே பஞ்சாயத்தின் வேலை. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' திட்டமும் அங்குண்டு. தொகை சிறிது. ஆனால் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

கேரளத்தின் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேரள அட்டை இருக்கும், பஞ்சாயத்துச் செவிலியரும் வருவார். ஆனால் காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உத்தமபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மாற்றினால் அந்தச் சேவை எல்லையில் நின்றுவிடும். தமிழ்நாட்டுப் பக்கம் அவருக்குக் குடும்ப அட்டை இல்லை. சட்டத்தைவிட முகவரி இங்கே வலுவாகிவிடுகிறது. நோயாளியை மாற்றுவதற்கு முன்பே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டிப் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லிக் கேட்பது நல்லது.

முழுமையான மறுவாழ்வுப் பிரிவுகள் எல்லாம் இந்த மலையடிவாரத்திலிருந்து தூரம். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், இரிஞ்ஞாலக்குடா தேசிய மறுவாழ்வு நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சிப் பக்கத்தில் பிறந்தவர். 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர். வேலூரின் மறுவாழ்வு நிலையமே மாநில எல்லையைக் கடந்து வந்த ஒருவரின் விபத்திலிருந்து முளைத்ததை நினைத்தால், அட்டைகளின் சண்டை சற்று வேடிக்கையாகத் தெரிகிறது.

இழப்பீடு: அவசரப்பட்டால் நஷ்டம்

1. எங்கே வழக்கு? விபத்து கேரளத்தில் நடந்தாலும், வாழும் ஊருக்கு உரிய மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடர மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. கம்பத்துப் பெண்ணின் குடும்பம் இடுக்கிக்கு அலைய வேண்டியதில்லை. மனுவுக்கு 6 மாதக் கெடு சட்டத்தில் இருக்கிறது. கேரளக் காவல்துறையின் ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும், மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

2. ஏதேனும் ஒன்று. வேலை தொடர்பான விபத்தானால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. முன்பு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இது, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. வாகன விபத்தும் அதுவே, வேலை விபத்தும் அதுவே என்றால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மரத்திலிருந்து விழுந்தவருக்கு இந்தத் தொழிலாளர் இழப்பீட்டு வழியே கதி.

3. எதைக் கேட்பது? மருத்துவச் சான்றிலுள்ள சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாக்கியது. கை கால் நன்றாக இருந்து, நினைவும் கவனமும் போனவருக்கு இது உயிர்நாடி. 2020இல் வந்த இன்னொரு தீர்ப்பு, விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமிக்கானது. அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணையாள் வேண்டும் என்பதால், மாதம் 5,000 ரூபாய் வீதம் இருவருக்கு ஆண்டுக்கணக்கைப் பெருக்கி 21,60,000 ரூபாயைத் துணையாள் செலவாக மட்டும் நீதிமன்றம் சேர்த்தது. பார்த்துக்கொள்வது அம்மாதானே, அதற்கு எதற்குப் பணம் என்ற வாதம் இனி எடுபடாது.

4. சமரசம். கைப்பணம் கரைந்திருக்கும் நேரத்தில் வரும் சமரசத் தொகை பெரிதாகத் தெரியும். நிரந்தரக் குறை என்னவென்று மருத்துவருக்கே தெரியாத மூன்றாம் மாதத்தில் கையெழுத்திட்டால், ஒரு வருடம் கழித்து வரும் வலிப்புக்கும் வேலை இழப்புக்கும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மனுவைச் சீக்கிரம் போடுவதும், சமரசத்தைத் தாமதமாக யோசிப்பதும் வேறு வேறு. இரண்டையும் செய்யலாம்.

அடையாள அட்டையும் கையெழுத்தும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. கை கால் செயலிழப்பு, பேச்சு, அறிவுத்திறன், மனநலம், நாட்பட்ட நரம்பியல் நிலை என்று அதன் விளைவுகளின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்துக் காலுக்கு 20 சதவீதம் எழுதிவிட்டால் சலுகைகளுக்கான 40 சதவீத வாசலைத் தொட முடியாது. நினைவு, நடத்தை, பேச்சு ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடக் கேட்பது குடும்பத்தின் உரிமை. தேசிய அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். உதவித்தொகையோ அந்தந்த மாநிலத்து வாசிகளுக்குத்தான். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய்.

நினைவற்றுக் கிடப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து அவர் மனைவியால்கூட எளிதில் பணம் எடுக்க முடியாது. கணவன் மனைவி என்பதாலேயே ஒருவர் மற்றவரின் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. கோமாவில் இருப்பவர்களுக்கென நம்மிடம் தனிச் சட்டம் இல்லாததால் 2019இல் கேரள உயர் நீதிமன்றம் பாதுகாவலர் நியமனத்துக்கு வழிமுறைகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க அவர் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. அலைச்சலான வழிதான், ஆனால் இருக்கிற வழி.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் பையில் இருக்க வேண்டியவை

1. டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆங்கிலத்தில். முதல் நாள் ஜி.சி.எஸ். எண்ணும், எத்தனை நாள் நினைவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும்.
2. ஸ்கேன் படங்கள், குறுந்தகட்டோடு. அறிக்கைத் தாள் மட்டும் போதாது.
3. காயச் சான்று, முதல் தகவல் அறிக்கை நகல்.
4. மாத்திரைப் பட்டியல். வலிப்பு மாத்திரை எந்தத் தேதி வரை, யாரைக் கேட்டு நிறுத்துவது என்பதோடு.
5. விழுங்கும் சோதனையின் முடிவு. எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்ற குறிப்பு.
6. மண்டை எலும்பு வயிற்றில் இருக்கிறதா, குளிர்பெட்டியில் இருக்கிறதா, எந்த மாதம் யாரிடம் வர வேண்டும் என்று மருத்துவர் கையெழுத்துடன் ஒரு வரி.